மில் ஓடாத நாள்

டன்லப் தெருவில் எங்கள் வரிசையில் குடியிருந்தவர்கள் யாரும் அழுததே கிடையாது. கண்ணில் தண்ணீர் வராத நாளும் கிடையாது. இரண்டும் உண்மைதான். வடிவேலுவின் மசாலா மில் அந்த வரிசையில் இருந்தது.

மில் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கீழே ஒரு கூடம், அதில் வார்ப்பட்டை போட்டு ஓடும் அரவை எந்திரங்கள், மேலே குடித்தனம். கழுவி, அஞ்சடி நடைபாதையில் பாய் விரித்துக் காயவைத்த மிளகாயையும் மல்லியையும் பெண்கள் வாளியில் கொண்டுவந்து வரிசையில் வைப்பார்கள். வடிவேலு மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அரைத்துக் கொடுப்பான். மல்லி அரைத்தால் தெரு மணக்கும். மஞ்சள் அரைத்தால் கூரையில் உட்கார்ந்திருக்கும் காக்கை மஞ்சளாகப் பறந்து போகும். மிளகாய் அரைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜாலான் புசார் விளையாட்டரங்கமே சாட்சி. ஒரு சாயங்காலம் தென்மேற்குக் காற்று பலமாக அடித்தபோது அங்கே கோல் காத்து நின்றவன் தும்மிவிட்டான். பந்து உள்ளே போய்விட்டது. தோற்ற கட்சிக்காரர்கள் மறுநாள் மில்லைத் தேடிக்கொண்டு வந்து என்னிடம்தான் வழி கேட்டார்கள். காப்பிக்கொட்டை வறுக்கும் கடையைக் காட்டி அனுப்பிவைத்தேன். நம்பிக்கை இல்லாதவர்கள் அந்த கோல்காரனைக் கேட்டுக்கொள்ளலாம். அவன் இப்போது உயிரோடு இல்லை.

நான் மில்லுக்கு எதிரே சரபத் கடை போட்டிருந்தேன். இஞ்சி டீ, கோப்பி, ரொட்டி. செல்லக்கண்ணு கடை என்றால் தேக்கா மார்க்கெட்டில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். டீ நன்றாக இருக்கும் என்று மட்டும் சொல்லமாட்டார்கள்.

மில்லில் எந்திரம் ஓடும்போது பேச முடியாது. ஆகவே அந்த வீட்டில் எல்லாம் கைப்பேச்சு. முஷ்டியை மூடிக் காட்டினால் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தேய்த்தால் நைசாக. வயிற்றில் தட்டினால் சோறு. காதைத் தொட்டால் எந்திரத்தை நிறுத்து. இந்தப் பேச்சில் அந்த வீட்டிலேயே கெட்டிக்காரி வடிவேலுவின் மகள் லீலா. கையில் அவ்வளவு பேச்சு இருந்ததால், வாயில் பேச்சு இல்லை என்பதை அவளுக்குப் பல் விழுந்து முளைக்கும் வயது வரைக்கும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேல்வாய் பிளந்து பிறந்த பிள்ளை. குடித்த பால் மூக்கு வழியாக வந்துவிடும். அவள் அம்மா சிவகாமசுந்தரி பஞ்சில் நனைத்து நனைத்துத்தான் வளர்த்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் பிளவைத் தைத்துவிட்டார்கள். தைத்த பிறகும் பேச்சு பாதி மூக்கு வழியாகவே வந்தது. தெருப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவளைப் போலப் பேசிக் காட்டினார்கள். அதிலிருந்து லீலாவின் வலது கை எப்போதும் வாயின் மேல் இருக்கும். இடது கைதான் பேசும்.

அந்த வருடம் வடிவேலுவின் அக்காள் சந்திரமதி நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்து தங்கியிருந்தாள். கைம்பெண். நல்ல மனுஷி. நல்ல மனுஷி என்று அவளே சொல்வாள்.

"மூக்கால பேசுற பொட்டப்புள்ளய இங்க பள்ளிக்கூடத்துல சேத்தா நாலு சாதிப் புள்ளையும் சிரிக்கும்டா" என்றாள் தம்பியிடம், என் கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு. "பொங்கல் கழிஞ்சு நான் போறப்ப எங்கூட அனுப்பிடு. ஊர்ல வீட்டோட கெடக்கட்டும். எனக்கும் ஒரு தொணை."

"அவ என்ன ஆட்டுக்குட்டியா, கூட ஓட்டிக்கிட்டுப் போறதுக்கு?" என்று சிவகாமசுந்தரி மில் வாசலில் நின்றபடியே கேட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்தது.

வடிவேலு துண்டை அவிழ்த்து மூக்கைத் துடைத்தான். அதிகம் பேசுகிறவன் இல்லை. "ஆஸ்பத்திரியில பேச்சு சொல்லிக்கொடுக்கிறாங்களாம்ல? கூட்டிக்கிட்டுப் போ. தை பொறக்கிறதுக்குள்ள நாலு பேரு முன்னால வாயத் தொறந்து பேசிட்டா இங்க இருக்கட்டும். இல்லாட்டி அக்காகூடப் போகட்டும்" என்றான்.

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே கூட்டம் தொடங்கிவிட்டது. மில்லில் வாளிகள் வாசலைத் தாண்டி நின்றன. சிவகாமசுந்தரியால் ஒவ்வொரு வாரமும் நகர முடியவில்லை. "அண்ணே, உங்க டீயக் குடிக்காட்டி யாரும் செத்துட மாட்டாங்க. புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வாங்களேன்" என்றாள். குடித்தால்தான் ஆபத்து என்று நானும் ஒத்துக்கொண்டேன். இப்படித்தான் நான் ஆஸ்பத்திரியின் பின்கட்டில், முட்டி காதில் இடிக்கும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து பேச்சு கற்றுக்கொண்டேன்.

டீச்சர் பெயர் அல்போன்சம்மாள். ஓபீர் ரோட்டு லூர்து மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர். ஒல்லியான உடம்பு, வெள்ளைக் கோட்டு, கழுத்தில் சிலுவை. நர்சாக இருந்த இவரை ஒரு வெள்ளைக்கார அம்மாள் பழக்கிவிட்டுச் சீமைக்குப் போய்விட்டாராம். வகுப்பில் லீலாவோடு திக்கித் திக்கிப் பேசும் சீனப் பையன் ஒருவனும், காது மந்தமான மலாய்ப் பெண் ஒருத்தியும் இருந்தார்கள். பொதுவாகப் பேசுவதெல்லாம் பாசார் மலாய், கடைத்தெருப் பேச்சு. லீலாவுக்கு மட்டும் தனியாகத் தமிழ்.

முதலில் மேசைமேல் பஞ்சு உருண்டையை வைத்து வாயால் ஊதச் சொன்னார். லீலா ஊதினால் காற்று மூக்கில் போய்விடும். பஞ்சு அப்படியே இருக்கும். நான் ஊதியதில் பஞ்சு சன்னல் வழியாகப் போய் ஒரு டாக்டரின் கோப்பியில் விழுந்தது என்று தெருவில் வந்து சொன்னேன். லீலா கையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். அவளுக்கு மட்டும் தெரியும், என் பஞ்சும் நகரவில்லை என்று.

பிறகு பந்து விளையாட்டு. பந்து யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். சீனப் பையன் தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வெளியே ஒரு மழை பெய்து ஓய்ந்தது. ஒரு பிள்ளையும் அசையவில்லை.

"இது என்ன டீச்சர், பந்தும் பொம்மையும்? நாக்க எப்படி வளைக்கிறதுன்னு சொல்லிக்கொடுத்தா ஆகாதா?" என்று கேட்டேன்.

"சத்தம் வந்துட்டா பேச்சு வந்துடுமா ஐயா?" என்றார் அவர். "டீக்கடையில வானொலி நாள் பூராச் சத்தம் போடுது. அதுகிட்ட யாராவது மனசு விட்டுப் பேசுறாங்களா? இந்தப் புள்ளைங்க சிரிப்புக்குப் பயந்து மனுஷங்களையே பாக்குறதில்ல. எதிர்ல இருக்கிறவங்க முகத்தப் பாக்கணும். அவங்களுக்கு என்னன்னு தெரிஞ்சுக்கணும். தனக்கு என்னன்னு சொல்லணும். அதுக்கப்புறம்தான் நாக்கு."

முகங்கள் வரைந்த அட்டைகளை எடுத்தார். சிரிக்கிற முகம், கோபமான முகம், பயந்த முகம். லீலா எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னாள். கையை எடுக்காமல்தான் சொன்னாள். கடைசி அட்டையில் ஒரு பெண். கன்னத்தில் சொட்டுச் சொட்டாகக் கண்ணீர்.

"இவங்களுக்கு என்ன லீலா?"

அன்றுதான் முதல்தடவை பேசுவதற்காக அவள் வாயிலிருந்து கையை எடுத்தாள். அவ்வளவு சுலபமான கேள்வி.

"மிளகா" என்றாள்.

"நல்லாப் பாரும்மா."

நன்றாகப் பார்த்தாள். "காஞ்ச மிளகா."

அல்போன்சம்மாள் முகம் வாடிவிட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மத்தவங்க மனசு இந்தப் புள்ளைக்குப் பிடிபடலையோன்னு பயமா இருக்குய்யா" என்றார்.

"பிடிபடுது டீச்சர். நீங்க ஒருநாள் எங்க தெருவுக்கு வந்துட்டுப் போங்க லா" என்றேன்.

வந்தார். மில் வாசற்படியில் கால் வைத்ததும் தும்மல் பிடித்தது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. லீலா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். டீச்சரின் கன்னத்தை விரலால் காட்டி, பெரிய மனுஷி மாதிரித் தலையை ஆட்டி, "மிளகா" என்றாள். அல்போன்சம்மாள் அழுதுகொண்டே சிரித்தார். கூடத்தில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். எல்லோர் கன்னமும் நனைந்திருந்தது. வார்ப்பட்டைக்குப் பக்கத்தில் நின்று மிளகாயைத் தள்ளிக்கொண்டிருந்த சிவகாமசுந்தரியின் கன்னமும்.

டீச்சர் என் கடையில் உட்கார்ந்து இஞ்சி டீயைக் குடித்தார். பாதியில் நிறுத்திவிட்டு மில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த வீட்டுல யாராவது நெசமாவே அழுதா எப்படிய்யா தெரியும்?" என்று கேட்டார்.

"அழமாட்டாங்க டீச்சர். நேரம் ஏது?" என்றேன்.

அடுத்த வகுப்பில் அவர் அட்டையை எடுக்கவில்லை. "லீலா, யார் கண்ணுலயாவது தண்ணி வந்தா நீயா ஒண்ணு நெனச்சுக்காத. கேளு. ஏன் அழறீங்கன்னு கேளு. கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு நில்லு. மொதல்ல ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவாங்க. போயிடாத. பந்து அவங்க கையில இருக்கு. காத்திரு" என்றார்.

அதற்குப் பிறகு டன்லப் தெருவில் நிம்மதியாகக் கண்ணைத் துடைக்க முடியாமல் போயிற்று. வாளியோடு வந்தவர்களை எல்லாம் லீலா வழிமறித்தாள். கேட்கும்போது மட்டும் வாயிலிருந்து கை இறங்கும். "ஏன் அழறீங்க?" முதல் இரண்டு வாரம் சொல் மூக்கில் போயிற்று. பிறகு, பஞ்சு ஊதி ஊதி, வாய் வழியாக வரத் தொடங்கியது. எல்லோரும் "மிளகாய்ம்மா" என்றார்கள். லீலா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சரி என்று விட்டுவிடுவாள். நகைக்கடை வாசலில் கயிற்றுக்கட்டிலில் காவலுக்குப் படுத்திருக்கும் ஜாகா, தாடிக்காரர், ஒருநாள் அவளிடம் மாட்டிக்கொண்டார். மலாயில் கேட்டாள். அவர் பஞ்சாபில் விட்டுவந்த எருமையில் தொடங்கி, சம்சாரம், சம்சாரத்தின் தம்பி வரைக்கும் சொல்லி அழுது முடிப்பதற்குள் கடையே மூடிவிட்டார்கள். லீலா கால் மாற்றிக் கால் மாற்றி நின்று முழுவதையும் கேட்டாள்.

"என்ன அண்ணே, டீச்சர் அழுகையச் சொல்லிக்கொடுக்கிறாங்களா?" என்றான் வடிவேலு. "அதான் நம்ம வீட்டுல மூட்டை மூட்டையாக் கெடக்கே." அவன் ஹாஸ்யமாகப் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான்.

தீபாவளியன்று மில்லை மூடினார்கள். வருடத்தில் அந்த எந்திரம் ஓயும் நாட்கள் குறைவு. முதல்நாளே கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். தனிக்கட்டையான எனக்கு வருடா வருடம் பலகாரம் அங்கேதான். மாடியில் பாய் விரித்து இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் அதிரசமும் போட்டார்கள். வடிவேலு புது வேட்டி சரசரக்க உட்கார்ந்திருந்தான். சந்திரமதி அதிரசத்தைப் பிட்டுப் பார்த்து, "பாகு முறுகிப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே இன்னொன்று எடுத்தாள். தெருவில் பட்டாசு வெடித்தது. வீட்டில் மட்டும் விநோதமான அமைதி. காற்றில் காரம் இல்லாததால் எனக்கு மூச்சு விடுவதே புதுசாக இருந்தது.

லீலா குழம்பு வாங்க அடுப்படிக்குப் போனாள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அடுப்படி தெரியும். சிவகாமசுந்தரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். இடது கையால் வலது மார்பை அழுத்திப் பிடித்திருந்தாள். லீலா சுற்றிப் போய் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன் அழறீங்கம்மா?"

"மிளகாய்டி" என்றாள் அவள், புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு.

லீலா கீழே மில் இருக்கும் திசையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். "மில்லு ஓடலயே" என்றாள்.

வார்த்தை அட்சரம் பிசகாமல் வாய் வழியாக வந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. இட்லியைப் பிட்ட வடிவேலுவின் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"ஒண்ணுமில்லடி. போ."

லீலா போகவில்லை. கையைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். தெருவில் ஒரு சரம் வெடித்து முடிந்தது. குழம்பு கொதித்து அடங்கியது.

"வலிக்குதுடி" என்றாள் சிவகாமசுந்தரி. "ரொம்ப நாளா வலிக்குது. இங்க ஒரு கட்டி. உன்ன பேச வச்சுட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தேன்."

ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், முன்னாலேயே வந்திருக்கலாமே என்றார். எல்லா டாக்டர்களும் அதைத்தான் சொல்வார்கள். இந்த டாக்டர் சொல்லிவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

படுக்க வைத்த வார்டு, பேச்சு வகுப்பு நடக்கும் பின்கட்டுக்கு எதிர்க் கட்டடம். வகுப்பு முடிந்ததும் லீலாவை அங்கே கூட்டிப் போவேன். மார்கழி மழை பிடித்துக்கொண்டிருந்தது. சிவகாமசுந்தரி கட்டிலில் பழைய ஆளில் பாதிதான் இருந்தாள். லீலா அன்றன்று கற்றதை ஒப்பிப்பாள். "எனக்குச் சந்தோஷமா இருக்கு, ஏன்னா பஞ்சு மேசைய விட்டுக் கீழ விழுந்துச்சு. எனக்குக் கோபமா இருக்கு, ஏன்னா மாமா பொய் சொல்றாரு." அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் பொடி வாடை வந்தால் தேவலை என்றாள். மறுதடவை ஒரு பிடி மல்லிப்பொடியைத் தாளில் மடித்துக் கொண்டுபோனேன். முகர்ந்துவிட்டு, "நைசாத்தான் அரைச்சிருக்காரு" என்றாள்.

"வடிவேலு நேத்து வந்தானாமே?" என்று கேட்டேன்.

"வந்தாரு. கட்டில் பக்கத்துல நின்னாரு. கையால சாப்பிட்டியான்னு கேட்டாரு. நானும் கையாலயே சொன்னேன்." சிரிக்கப் பார்த்தாள். "அவருக்குத்தான் அந்த மாதிரி ஒரு டீச்சர் கெடைக்கலண்ணே."

பொங்கலுக்குக் கரும்பு வந்து இறங்கிய வாரம் அவள் போய்விட்டாள். பிடாதாரி மயானத்துக்குக் கொண்டுபோனோம். மழை விடவே இல்லை. வடிவேலு அழவில்லை. கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு, எந்திரத்தில் வாளியைக் கவிழ்க்கிற முகத்தோடு நடந்தான். "கல்லு நெஞ்சு" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அல்போன்சம்மாள் டீச்சர் குடைக்குள் நின்று லீலாவின் தோளைப் பிடித்திருந்தார். லீலாவின் கை மறுபடியும் வாய்க்குப் போயிருந்தது. அன்றிலிருந்து அவள் ஒரு சொல் பேசவில்லை.

காரியம் முடிந்தது. பொங்கலும் வைக்காமல் கழிந்தது. சந்திரமதி பிடிவாதமாக எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் தேவை இருக்கவில்லை. தாயில்லாத பெண்ணை மில்லில் வைத்துக்கொண்டு ஒற்றை ஆள் என்ன செய்வான்? கப்பலுக்கு இரண்டு பேருக்கும் சீட்டு வாங்கிவிட்டான்.

கப்பல் புறப்படும் நாள் காலையில் நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். மில் ஓடும் சத்தம் கேட்டது. துக்க வீடு என்று யாரும் அரைக்கக் கொடுக்காத நேரம். வாசலில் ஒரு வாளி கிடையாது. ஆனால் தெரு முழுவதும் மிளகாய்க் காரம், முன்னெப்போதும் இல்லாத காரம். தும்மிக்கொண்டே போய்ப் பார்த்தேன். வடிவேலு தன் சொந்த மிளகாய் மூட்டையையே பிரித்துக் கொட்டி அரைத்துக்கொண்டிருந்தான். மூக்கில் துண்டு கட்டவில்லை. எந்திரத்தின் வாய்க்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். அரைத்த பொடி கீழே குவிந்து வழிந்து கிடந்தது. கண் இரண்டும் கோவைப்பழம். தாடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சந்திரமதி தகரப்பெட்டியோடு மாடியிலிருந்து இறங்கிவந்தாள். பின்னால் லீலா, ரிப்பன் கட்டி, புதுக் கவுன் போட்டுக்கொண்டு. வாசலில் டாக்சி நின்றது. டிரைவரும், அண்டை வீட்டுப் பெண்களும், தாடிக்கார ஜாகாவும் அஞ்சடியில் நின்று தும்மிக்கொண்டிருந்தார்கள்.

லீலா அப்பாவுக்கு எதிரே போய் நின்று காதைத் தொட்டாள். நிறுத்து. அவன் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னும் ஒரு கூடை மிளகாயைக் கவிழ்த்தான்.

அவள் நேரே சுவரண்டை போனாள். சுவிட்சு உயரத்தில் இருந்தது. மூட்டைமேல் ஏறி இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வார்ப்பட்டை தளர்ந்து, படபடவென்று அடித்து, நின்றது. அந்த அமைதியில் என் அடுப்பில் தண்ணீர் கொதிப்பது தெருத் தாண்டிக் கேட்டது.

இறங்கி வந்தாள். உடனே கேட்கவில்லை. காற்றில் நின்ற சிவப்புத் தூசி மெல்ல மெல்லத் தரையில் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"ஏன் அழறீங்கப்பா?"

"மிளகாய்ம்மா" என்றான் வடிவேலு.

லீலா நின்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. நேரமாச்சு, அத்தைகூடப் போ."

"ஏன்டா, கப்பலு..." என்று சந்திரமதி தொடங்கினாள். நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அவள் தகரப்பெட்டியைக் கீழே வைத்தாள். டாக்சி டிரைவர் இஞ்சினை அணைத்தான்.

வடிவேலு கீழே கிடந்த பொடியைக் கையால் ஒதுக்கினான். மறுபடியும் ஒதுக்கினான். அப்படியே அதன்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"உங்கம்மா இங்கதான் நின்னா" என்றான். "இதே எடத்துல. தினமும் கண்ணுல தண்ணி ஓடும். நான் பாத்தேன். பாக்காம இல்ல. துண்ட எடுத்துக் கொடுத்தேன். தொடச்சுக்கன்னு கையால சொன்னேன். அவளும் வாங்கித் தொடச்சுக்கிட்டா. மிளகான்னு நெனச்சேன்... ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நான் மில்ல நிறுத்திட்டுக் கேட்டிருக்கலாம்லம்மா."

அப்புறம் வந்தது அழுகை. அதைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. மிளகாய்க் கண்ணீருக்குச் சத்தம் கிடையாது, இதற்கு இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

லீலா பக்கத்தில் உட்கார்ந்தாள். புதுக் கவுன் சிவப்பாயிற்று. அவன் அழுகை ஓய்ந்த பிறகு, டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி, பந்து தன் கைக்கு வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டவள் மாதிரி, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

"எனக்குப் பயமா இருக்குப்பா. ஏன்னா கப்பல்ல போயிட்டா நீங்க தனியா அழுவீங்க. யாரும் கேக்க மாட்டாங்க."

அஞ்சடியில் நாலு பேருக்கு மேலேயே நின்றிருந்தோம். சந்திரமதி தகரப்பெட்டியைத் திறந்தாள். லீலாவின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மூட்டைமேல் வைத்தாள். பெட்டியை மூடி டிரைவரிடம் கொடுத்தாள். "பாகு முறுகுற பதத்த மட்டும் கத்துக்கிட்டா போதும், இந்தப் புள்ள பொழச்சுக்கும்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

அன்று மில் ஓடவில்லை. நான் கடைக்குத் திரும்பி அடுப்பைப் பார்த்தேன். தண்ணீர் வற்றிப் பாத்திரம் கருகியிருந்தது. துடைக்கத் துணி தேடியபோது பக்கத்தில் லீலா நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க ஏன் அழறீங்க மாமா?"

நான் வாழ்நாளில் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். கோல்காரன் தும்மியதைச் சொல்லியிருக்கிறேன், மஞ்சள் காக்கையைச் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் என்னை மடக்கியதில்லை.

"மிளகாய்ம்மா" என்றேன்.

அவள் திரும்பி, நின்றுபோயிருந்த மில்லைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இரண்டு கையையும் கீழே தொங்கவிட்டுக்கொண்டு, போகாமல், அங்கேயே நின்றாள்.